கழுவிப் போடும் ஏர் ஃபில்டர்: ஆறு வருஷம், ஐந்து கழுவல்

பெட்டியைப் பிரித்ததும் ஃபில்டருக்கு முன்னால் கையில் வந்து விழுந்தது ஒரு ஸ்டிக்கர், காரின் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள. பானட்டுக்குள் ஏர் பாக்ஸ் என்கிற ஒரு கறுப்பு டப்பாவில் மூடிக் கிடக்கப்போகிற சாமானுக்கு ஸ்டிக்கர் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, ஆசையாக ஒட்டிவிட்டேன். அதற்கு அப்புறம் ஆறு வருஷம், ஏறக்குறைய 90,000 கி.மீ., அந்த ஆயில் பூசிய பருத்தி ஃபில்டர் என் பெட்ரோல் காரில் இருந்தது. ஐந்து முறை கழுவினேன். அதில் முதல் கழுவல் பெரிய கூத்து, பிறகு சொல்கிறேன். இடையில் வீட்டுக்கு ஒரு டீசல் வண்டி வந்தது, அதில் மூன்று வருஷமாக ஆயில் இல்லாத உலர் ரகம் ஓடுகிறது. இரண்டையும் வைத்துத்தான் இந்த விமர்சனம். என் ஃபில்டர்களின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் பட்ட தொல்லையில் பாதி அந்த ரகத்துக்கே உரியது, மீதிப் பாதி என் கையால் வந்தது.

ஏன் வாங்கினேன் என்றால், எல்லோரையும் போலத்தான்: பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், ஆயுசுக்கும் ஒரே ஃபில்டர் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. முதல் நாள் ஓட்டியபோது பிக்கப் கூடியதாகவே எனக்குப் பட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்னால் இல்லாத ஒரு உறுமல், இன்ஜின் மூச்சை இழுக்கிற சத்தம், லேசாகக் கேட்கும். அந்தச் சத்தம் நிஜம். ஆனால் காதுக்குக் கிடைத்த சத்தத்தை மனசு வேகமாக மாற்றிக்கொண்டது என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. டேங்கை நிரப்பி நிரப்பி மைலேஜ் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு முன்பே உண்டு. ஃபில்டர் மாற்றுவதற்கு முந்தைய பத்து டேங்கையும் பிந்தைய பத்து டேங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு டேங்க்குகளுக்கு நடுவே வழக்கமாக வருகிற ஏற்ற இறக்கம் அதைவிட அதிகம்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பெட்ரோல் இன்ஜினில் காற்று உள்ளே போகிற வழியில் திராட்டில் என்று ஒரு கதவு இருக்கிறது, சாதாரணமாக ஓட்டும்போது அது பாதிக்கும் மேல் மூடியேதான் இருக்கும். வாசல் கதவு பாதி மூடியிருக்கும்போது ஜன்னல் கொசுவலையை மெல்லியதாக மாற்றி என்ன பயன். ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் திராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே வந்த காற்றை அளந்து அதற்கு ஏற்ற பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் தெளிக்கிறது, ஆக மைலேஜ் அப்படியே இருக்கும். இதை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வண்டிகளை வைத்தே சோதித்துப் பார்த்தது. நன்றாக அடைத்துப்போன ஃபில்டரை மாட்டி ஓட்டியும் இப்படிக் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும் பிக்கப் அடி வாங்கியது, 6 முதல் 11 சதவீதம் வரை. அடைத்துப்போன ஃபில்டருக்கே இந்தக் கதை என்றால், வண்டியோடு வருகிற சாதாரணப் பேப்பர் ஃபில்டரைச் சுத்தமாக இருக்கும்போதே கழற்றி சுத்தமான பருத்தி ஃபில்டரைப் போட்டால் மைலேஜ் எங்கிருந்து வரும்? பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அதில் அடைத்த ஃபில்டர் நிஜமாகவே பெட்ரோலைக் குடிக்கும். ஆனால் அங்கேயும் மருந்து சுத்தமான ஃபில்டர்தான், அது எந்த ரகமாக இருந்தாலும்.

சரி, காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்ற பேச்சை விட்டு ஃபில்டர் எதற்காக இருக்கிறதோ அந்த வேலைக்கு வருவோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 11 கிலோ காற்று வேண்டும், அதாவது ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. 40 லிட்டர் டேங்க் ஒன்று தீர்வதற்குள் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இன்ஜின் இழுத்திருக்கும், அந்தக் காற்றோடு ரோட்டுத் தூசியையும் சேர்த்துத்தான். ரோட்டுத் தூசியில் பெரும்பங்கு மணல் பொடி. அந்த மணல் பொடி சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரிகிற இலை, பூச்சி, கல் எல்லாம் எந்த ஃபில்டரிலும் நின்றுவிடும். கெடுதல் செய்வது 5 முதல் 20 மைக்ரான் வரையான துகள்கள். தலைமுடி ஒன்றின் பருமனே சுமார் 70 மைக்ரான் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்தின் பருமனும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் வரும் என்பதால் இந்தத் துகள்கள் அங்கே புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

இதற்காகவே ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அளந்த தூசியைக் காற்றில் கலந்து ஃபில்டருக்குள் விட்டு எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது, காற்றுக்கு எவ்வளவு தடை என்று பார்ப்பார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேலே போகும், ஆயில் பருத்தி பொதுவாக 96-லிருந்து 99 வரை. இரண்டு மூன்று சதவீதம்தானே என்று நானும் நினைத்தவன்தான். பிடித்ததை விட்டுத் தப்பியதை எண்ணிப் பாருங்கள். 99.5 சதவீதம் பிடிக்கிற ஃபில்டரில் தப்புவது அரை சதவீதம், 97.5 சதவீதம் பிடிக்கிற ஃபில்டரில் தப்புவது இரண்டரை. ஐந்து மடங்கு தூசி இன்ஜினுக்குள் போகிறது. இந்தக் கணக்கை யாரும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. பெட்டியில் 98 சதவீதம் என்று மட்டும் போட்டிருந்தால் எந்தத் தூசியை வைத்துச் சோதித்தார்கள் என்றும் பாருங்கள், ஏனென்றால் சோதனைத் தூசியில் நுண்தூசி, பருந்தூசி என்று இரண்டு உண்டு, பருந்தூசியில் எல்லா ஃபில்டரும் நன்றாகவே மார்க் வாங்கும். தூசி வகையே போடாமல் வெறும் சதவீதம் மட்டும் போட்டிருக்கிற பெட்டியை நான் இப்போது திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

ஆயில் பருத்தி எப்படித்தான் வேலை செய்கிறது என்பது உண்மையிலேயே அழகான விஷயம், அதில் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் தெரியும், இதா தூசியைப் பிடிக்கப்போகிறது என்று பகீர் என்றிருக்கும். இதைச் சல்லடை என்று நினைப்பதால்தான் அந்தப் பயம். நாலைந்து அடுக்குப் பருத்தித் துணி, இரண்டு பக்கமும் அலுமினியக் கம்பி வலை, துணி முழுக்கப் பிசுபிசுப்பான ஆயில். காற்று நூலைச் சுற்றி வளைந்து போய்விடும், தூசிக்கு எடை இருப்பதால் அது அந்த வளைவில் திரும்ப முடியாமல் நூலில் போய் மோதி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். ஆயில்தான் இதற்கு உயிர். ஆயில் காய்ந்த பருத்தி ஃபில்டரும் கொசுவலையும் ஒன்று. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு முழுவதும் அதிலிருந்தே புரிந்துவிடும்.

இப்போது அந்த முதல் கழுவல்.

15,000 கி.மீ. ஆனதும் கிட் வாங்கினேன். ஒரு பாட்டிலில் கழுவுகிற திரவம், இன்னொன்றில் சிவப்பு ஆயில். கழுவினேன், காய வைத்தேன், ஆயில் அடிக்க உட்கார்ந்தேன். ஆயில்தான் உயிர் என்று படித்திருக்கிறேன் அல்லவா, தாராளமாக அடித்தேன். மடிப்புக்கு மடிப்பு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், பாட்டிலில் முக்கால்வாசி தீரும் வரை. ஃபில்டர் செக்கச்செவேல் என்று பளபளத்தது, பார்க்கவே திருப்தியாக இருந்தது. உடனே மாட்டிவிட்டு நெடுந்தூரப் பயணம் கிளம்பினேன். மறுநாள் செக் இன்ஜின் லைட். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, வண்டி நடுங்குகிறது, கியர் மாற்றி மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்கிற பிழைக் குறியீடு. "என்ன சார் பண்ணீங்க?" என்றார். "ஒண்ணும் பண்ணலைண்ணே, ஏர் ஃபில்டரைக் கழுவினேன்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நேராக ஏர் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த சென்சாரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே போகிற காற்றை அளக்கிற எம்ஏஎஃப் சென்சார் அது. தலைமுடி மாதிரி ஒரு கம்பி, அதைச் சூடாகவே வைத்திருக்கும், காற்று பட்டுக் குளிர்வதை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிடும். அந்தக் கம்பியின் மேல் என் சிவப்பு ஆயில் படிந்து, அதில் தூசி ஒட்டி, கம்பிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிட்டது. காற்று பட்டும் குளிராத கம்பி காற்று குறைவாக வருவதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. அந்த சென்சாருக்கென்றே விற்கிற ஸ்ப்ரேயால் கழுவிக் காய வைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது, என் அதிர்ஷ்டம். கார்புரேட்டர் கிளீனரோ பிரேக் கிளீனரோ அதில் அடிக்கக் கூடாது, விரலாலோ துணியாலோ அந்தக் கம்பியைத் தொடவும் கூடாது என்று அவர் சொன்னதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன். சென்சாரே போயிருந்தால், நான் ஆயுசுக்கும் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த பேப்பர் ஃபில்டர் காசு அத்தனையும் அந்த ஒரே நாளில் போயிருக்கும்.

ஆயில் பருத்தி ஃபில்டர் சென்சாரைக் கெடுக்கும் என்று ஒரு கூட்டம் சொல்வதும், கெடுக்கவே கெடுக்காது என்று கம்பெனிகள் சொல்வதும் இரண்டுமே அரை உண்மை என்பது என் அனுபவம். கம்பெனியிலிருந்து வரும்போது அளவாகத்தான் ஆயில் பூசி வருகிறது, அந்த முதல் 15,000 கி.மீ. எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதற்கடுத்த நாலு கழுவலிலும் லைட் எரியவில்லை. கெடுப்பது தாராளக் கைதான். ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் தடவை தாராளக் கையாகத்தான் இருக்கும், அதையும் பொருளின் குறையாகத்தான் நான் எண்ணுகிறேன்.

இப்போது நான் செய்கிற முறை இது. கழற்றியதும் தட்டி உதறி மேலோட்டமான தூசியைக் கொட்டிவிடுவேன், கல்லில் ஓங்கி அடிப்பதில்லை, கம்பி வலை நெளிந்துவிடும். கழுவுகிற திரவத்தை இரண்டு பக்கமும் தெளித்து ஒரு பத்து நிமிஷம் ஊற விடுவேன், ஃபில்டரிலேயே அது காய்ந்துவிடக் கூடாது. அப்புறம் குழாயை மெல்லத் திறந்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கித் தண்ணீர் விட வேண்டும். இந்தத் திசை முக்கியம். மாற்றி விட்டால் அழுக்கைத் துணிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுகிறோம். கார் கழுவுகிற பிரஷர் பம்பெல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், காரமான சோப்பு எதுவும் வேண்டாம், ஓர ரப்பரையும் பருத்தியையும் இவை கெடுக்கும். தண்ணீர் தெளிவாக வரும் வரை விட்டு, உதறி, நிழலில் காற்றாட வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். ஒரு இரவு முழுக்க. ஹேர் டிரையர் பிடித்தால் பருத்தி சுருங்கும், கம்ப்ரசரில் ஏர் அடித்தால் நூல் விலகி ஓட்டை விழும். அரைகுறை ஈரத்தில் ஆயில் அடித்தால் ஈரம் இருக்கிற இடத்தில் ஆயில் ஏறாது.

ஆயில் அடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பின் முகட்டின் மேலும் ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். பார்க்க அரைகுறையாக, திட்டுத்திட்டாக இருக்கும், கை இன்னொரு சுற்றுக்குத் துடிக்கும். அந்த இடத்தில் எழுந்து போய்விட வேண்டும். இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் ஆயில் தானாகவே துணியில் பரவி ஒரே நிறமாகியிருக்கும். சாயம் கலந்திருப்பதே இதைப் பார்க்கத்தான். எங்கேயாவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு தொடுகை. மாட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிடுவேன், தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் ஆயில் அதிகம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டபிள்யூடி-40 என்று கையில் கிடைத்ததை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவை துணியில் நிற்காது, ஒன்று வழியும் அல்லது ஆவியாகும். ஃபில்டருக்கென்று விற்கிற ஆயிலுக்கு வேலையே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான்.

எப்போது கழுவுவது என்பதற்குக் கி.மீ. கணக்கை நான் இப்போது நம்புவதில்லை. 80,000 கி.மீ. வரை கழுவவே வேண்டாம் என்று சில கம்பெனிகள் போட்டிருக்கும், அது நல்ல தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு. இன்னொரு விதி எனக்குப் பிடித்தது: அழுக்குப் பக்கத்தில் கம்பி வலை முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற வரை, எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கழுவ வேண்டாம். அழுக்குப் படலம் வலையை மூடினால்தான் கழுவல். சுத்தமாக வைத்திருக்கிறேன் பார் என்று மாதாமாதம் கழுவுகிறவர்கள் உண்மையில் இன்ஜினுக்குக் கெடுதல் செய்கிறார்கள், ஏனென்றால் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற தூசியே அடுத்த தூசியைப் பிடிக்க உதவும். எந்த ஃபில்டரும் மிகக் குறைவாகத் தூசி பிடிப்பது புத்தம் புதிதாக இருக்கும்போதும் கழுவிய கையோடு இருக்கும்போதும்தான். பேப்பருக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சர்வீஸிலும் வெளியே எடுத்து ஏர் அடித்து, "பளிச்சுன்னு பண்ணிட்டேன் சார்" என்று கொடுப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. ஏர் அடிப்பது பற்றி இன்னொன்று. ஒரு சர்வீஸில் என் பருத்தி ஃபில்டரைப் பேப்பர் என்று நினைத்து ஏர் அடித்துவிட்டார்கள், இன்னொரு முறை அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப் பேப்பர் ஃபில்டரை மாட்டி பில்லிலும் சேர்த்திருந்தார்கள். குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தேன். அதற்கப்புறம் ஏர் பாக்ஸ் மூடியில், "கழற்ற வேண்டாம், ஏர் அடிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். பின் கண்ணாடி ஸ்டிக்கரைவிட இது உபயோகமான ஸ்டிக்கர்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டால், துணியையும் ஆயிலையும்விட ஓர ரப்பரைப் பாருங்கள் என்பேன். ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓரத்தில் நூலளவு சந்து இருந்தால் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும், தடை குறைவான வழி அதுதானே. நான் முதலில் வாங்கியது இப்போது சொல்கிற ஃபில்டர் இல்லை, அதற்கும் முன்னால் ஒன்று வாங்கி ஒரே மாதத்தில் தூக்கிப் போட்டேன். பல மாடல்களுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது, அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். மூடியின் கிளிப்பை அழுத்திப் பிடித்துத்தான் மாட்ட முடிந்தது. ஒரு மாதம் கழித்துத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் பழுப்புக் கோடு. நீங்களும் எந்த ஃபில்டர் மாட்டினாலும் ஆயிரம் கி.மீ. கழித்து இந்தத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி, தூசி வந்தால் அந்த ஃபில்டரை அன்றே கழற்றிவிடுங்கள், பெட்டியில் எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் சரி. ஒரே மாடல் வண்டியிலேயே பெட்ரோலுக்கு ஒரு வடிவம் டீசலுக்கு ஒரு வடிவம் இருக்கும், வருஷம் மாறினால் ஏர் பாக்ஸும் மாறியிருக்கலாம், ஆகவே பார்ட் நம்பரை இன்ஜின் வகையோடு சேர்த்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஏர் பாக்ஸையே கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுகிறார்களே, அதை நான் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். நண்பன் ஒருவன் மாட்டியிருந்தான், சத்தம் பிரமாதம். ஆனால் கம்பெனி வைத்த ஏர் பாக்ஸ் வெளிக் காற்றை இழுக்கிறது, திறந்த கூம்பு இன்ஜினின் வெக்கையை இழுக்கிறது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், அந்த அளவுக்குச் சக்தியும் இறங்கும். காசு கொடுத்துச் சக்தியை இழப்பது ஒரு தனி சாமர்த்தியம். குழாயை நீட்டிக் கீழே பம்பர் பக்கம் கொண்டுபோய் வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டால் காற்றோடு தண்ணீரும் ஏறும், தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளையும்.

டீசல் வண்டிக்கு உலர் ரகம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. டீசலில் பொதுவாகப் பெட்ரோல் மாதிரி திராட்டிலை வைத்துக் காற்றைக் கட்டுப்படுத்துவதில்லை, ஐடிலில்கூட காற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும், போதாக்குறைக்குக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ வேறு. காற்று அதிகம் என்றால் தூசியும் அதிகம், டர்போவின் இலைகள் படு வேகத்தில் சுற்றும்போது தூசி பட்டு அரிக்கும். இந்த உலர் ஃபில்டரில் பருத்திக்குப் பதில் செயற்கை இழை, ஆயில் கிடையாது, ஆகவே சென்சார் பயமும் கிடையாது. கழுவும் திரவம் போட்டு ஊற வைத்து அலசிக் காய வைத்தால் வேலை முடிந்தது. இழை காய்வதும் பருத்தியைவிடச் சீக்கிரம். வெள்ளைத் துணிச் சோதனையில் மூன்று வருஷமாக ஒருமுறைகூடத் துணி அழுக்காகவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பழக்க தோஷத்தில் இதன் மேல் ஆயிலை அடித்துவிடாதீர்கள், இழை அடைத்துப்போகும். இரண்டு ரகத்தையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறவனுக்கு இந்த ஆபத்து நிஜமாகவே உண்டு, ஆயில் பாட்டிலை இரண்டாவது தடவை டீசல் ஃபில்டர் பக்கத்தில் கண்டதும் அதை வேறு அலமாரிக்கு மாற்றினேன்.

ஃபோம் ரகம் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை, பைக்கில் மட்டும் வைத்திருந்தேன். மண் ரோட்டில் நிறையத் தூசியை விழுங்கும். ஆயிலில் பிசைந்து பிழிய வேண்டும், முறுக்கிப் பிழிந்தால் கிழியும். வயசானால் ஃபோம் தானே பொடிந்து உதிரும், உதிர்ந்தது எங்கே போகும் என்று நினைத்தாலே பயம்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய பருத்தி ஃபில்டர் ஐந்து பேப்பர் ஃபில்டர் விலை, கழுவும் கிட் இரண்டு பேப்பர் ஃபில்டர் விலை, ஒரு கிட் மூன்று கழுவலுக்கு வந்தது, ஆக இரண்டு கிட். மொத்தம் ஒன்பது. பேப்பராகவே போட்டிருந்தால் 90,000 கி.மீ.க்கு ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும். லாபம் வர வேண்டுமென்றால் வண்டியைப் பத்து வருஷத்துக்கும் மேலே வைத்திருக்க வேண்டும், அதுவும் நடுவில் சென்சார் கெடாமல். வண்டியை விற்றால் ஃபில்டரை அடுத்த வண்டிக்கு எடுத்துப்போகவும் முடியாது, வடிவம் வேறு. குப்பை குறையும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் கழுவிய தண்ணீரில் பழைய ஆயிலும் அழுக்கும் போகிறது என்பதையும் கணக்கில் எடுத்தால் அந்த நியாயமும் கொஞ்சம் கரையும்.

மதிப்பெண் கேட்டால், ஆயில் பருத்திக்கு ஐந்தில் இரண்டரை, உலர் ரகத்துக்கு ஐந்தில் நாலு. புழுதி ரோட்டிலேயே தினமும் ஓடுகிற வண்டி என்றால் இரண்டும் வேண்டாம், நல்ல பேப்பர் ஃபில்டரைச் சொன்ன கி.மீ.க்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டிருங்கள். ஃபில்டரைக் கழுவி உலர்த்தி ஆயில் பூசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை கையை அழுக்காக்கிக்கொள்ளப் பிடித்தவர்கள் ஆயில் பருத்தியை வாங்குங்கள், செய்தித்தாள் சோதனையை மட்டும் மறக்காதீர்கள். காய்கிற அந்த ஒரு நாளைக்கு மாட்டிக்கொள்ள ஒரு பேப்பர் ஃபில்டரும் கையிருப்பில் இருக்கட்டும், ஃபில்டர் இல்லாமல் வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்கக் கூடாது.

போன மாதம் ஆறாவது தடவை கழுவலாம் என்று என் பருத்தி ஃபில்டரை வெளியே எடுத்தேன். ஓர ரப்பர் இறுகி, ஒரு மூலையில் மெல்லிய விரிசல். ஆயுசுக்கும் என்றார்களே என்று பெட்டியைத் தேடினேன், பெட்டியை எப்போதோ போட்டுவிட்டேன். கையிருப்பில் இருந்த பேப்பர் ஃபில்டரையே மாட்டி ஓட்டுகிறேன். மைலேஜ் அதேதான், பிக்கப் அதேதான். அந்த உறுமல் மட்டும் போய்விட்டது. அதற்காக ஒரு வாரம் வருத்தமாகத்தான் இருந்தது.